துணைக்காலும் மாமனார் காலும்

மீன் பிடித்தால் மனசு அமைதியாகும் என்று எவனோ சொல்லிவைத்திருக்கிறான். அவன் என் மாமனாரோடு ஏரிக்குப் போனதில்லை. போயிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

எனக்குப் பொறுமை கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். ஆந்திரா புத்தூரில் ஒரு பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். "அக்கா, அந்த ரவுண்டா இருக்குமே, அது ஒண்ணு கொடு" என்று வருகிறவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பது அந்த பஜாருக்கே தெரியும். அப்படிப்பட்ட நான் தூண்டிலைக் கையில் எடுத்தேன் என்றால் அது மீனுக்காக இல்லை. மாமனாருக்காக.

நான் நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். விவசாயம். என் புருஷன் முரளி புத்தூர்த் தெலுங்குக் குடும்பம். அவன் வீட்டில் கேட்டால் பார்க்கலாம், யோசிக்கலாம் என்று இழுப்பார்கள் என்று நான்தான் அவசரப்பட்டேன். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையும் கழுத்துமாக அவன் வீட்டு வாசலில் போய் நின்றோம். (மாலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று முரளி கெஞ்சினான். நான் கேட்கவில்லை.) மாமனார் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அத்தையிடம் திரும்பி, "ரெண்டு பேருக்கும் சாப்பாடு போடு" என்றார். உள்ளே போய்விட்டார். திட்டவில்லை, துரத்தவில்லை. என்னோடு பேசவும் இல்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறம் இரண்டு வருஷம்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் காய்ச்சலில் கிடந்தபோது வெயிலில் அலைந்து இளநீர் வாங்கி வந்தார். ஆனால் அதை என்னிடம் கொடுக்காமல் கட்டில் பக்கத்தில் நின்ற அத்தையிடம் கொடுத்து, "குடிக்கச் சொல்லு" என்றார். நான் கை எட்டும் தூரத்தில்தான் படுத்திருந்தேன்.

அத்தை என் பக்கம் திரும்பி, "குடிக்கணுமாம்" என்றார்.

"வழுக்கை இருக்கானு கேளுங்க அத்தை."

அத்தை அவர் பக்கம் திரும்பி, "வழுக்கை இருக்கா?"

"இருக்குன்னு சொல்லு."

"இருக்காம்."

எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் ஓடியது. அத்தை நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி வந்து தைலம் தேய்த்துக்கொண்டதுகூட உண்டு.

(மாமனார் பேசுவது தெலுங்கு. தமிழ் நன்றாகத் தெரியும், ஆனால் வீட்டுக்குள் தெலுங்குதான். அத்தை திருத்தணிப் பக்கம் பிறந்தவர், இரண்டும் பேசுவார். நானும் தெலுங்கு மீடியத்தில் படித்தவள், அவர் பேசுவதில் ஒரு எழுத்துகூட எனக்குத் தப்பாது. படிக்கிறவர்கள் வசதிக்காக எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன். இதைப் பார்த்தால் அதற்கும் கோபப்படுவார்.)

மாமனார் ரிட்டையர்டு லைன்மேன். கம்பத்தை விட்டு இறங்கியதிலிருந்து அவருக்கு ஒரே கிறுக்கு, மீன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார். கூடவே அவர் சிநேகிதர் சுப்பன்னா. சுப்பன்னா மெட்ராஸ் ரூட்டில் பஸ் கண்டக்டராக இருந்தவர். அந்த ஏரியில் ஒரு பெரிய விரால் இருந்தது. தெலுங்கில் கொரமீனு என்பார்கள். மாமனார் அதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை, 'வாடு' என்பார். வாடு என்றால் அவன். அவன் இரையைத் தின்றுவிட்டு முள்ளைத் துப்பிவிடுவான். அவன் நூலை அறுப்பான். ஏரியிலிருந்து வந்ததும் அத்தை, "வாடு வந்தானா?" என்று கேட்பார். "வந்தான், பார்த்தான், போனான்" என்று சொல்லிவிட்டு மாமனார் குளிக்கப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தூண்டில் முள்ளைத் தீட்டிக்கொண்டே, "என்னடா, உனக்கு என்னதான்டா பிடிக்கும்? சொல்லித் தொலையேன்" என்று அந்த மீனிடம் பேசிக்கொண்டிருந்தார். மீன் ஏரியில் இருக்கிறது. இவர் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து அதனிடம் பேசுகிறார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

முரளி திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம், அவனுக்கு லீவே கிடையாது. அவன் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது பிடித்தேன்.

"உங்க நைனா மீன்கிட்ட பேசிக்கினு கீறாரு. எங்கிட்ட பேசினா இன்னா, வாயில இருக்குற முத்து கொட்டிடுமா?"

"மீன் திருப்பிப் பேசாது இல்ல கஸ்தூரி" என்றான்.

அவன் கிளம்பிப் போனதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நானும் ஏரிக்குப் போகிறேன். அங்கே அத்தை கிடையாது. என்னிடம் பேசித்தானே ஆக வேண்டும்?

மீன் பிடிப்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. போனில் தேடினேன். வெள்ளைக்காரர்கள் டிரவுட், பாஸ் என்று இரண்டு மீன்களைப் பிடிக்கும் வீடியோக்கள் கொட்டிக் கிடந்தன. (எங்கள் கடையில் பாஸ் என்றால் முதலாளி. அவரையும் தூண்டில் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.) பளிங்கு மாதிரித் தண்ணீர், பின்னால் பனி மலை, தொப்பி போட்ட ஒருத்தர் மணிக்கணக்காக நின்று ஒரு டிரவுட்டைப் பிடிக்கிறார், அதற்கு முத்தம் கொடுக்கிறார், திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுகிறார். குழம்பு வைக்கத் தெரியாத ஜனங்கள். ஆனால் பாஸ் பிடிக்கிறவர்கள் ஒரு ரப்பர் தவளையைப் போடுகிறார்கள். அது அல்லி இலை மேல் தத்தித் தத்திப் போகும், கீழேயிருந்து மீன் பாய்ந்து விழுங்கும். தவளையின் முதுகோரம் இரண்டு முள், பக்கத்தில் பக்கத்தில். விராலும் தவளை தின்னும். எனக்கு மூளை பளிச்சென்றது. ராடு, ரீல், பச்சை ரப்பர் தவளை என்று எல்லாவற்றையும் ஆன்லைனில் வரவழைத்துவிட்டேன்.

மொட்டை மாடியில் ஒரு வாரம் பழகினேன். வீடியோவில் மணிக்கட்டைச் சுண்டினால் தவளை பறக்கும். நானும் சுண்டினேன். அது பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த நைட்டியில் போய் மாட்டியது. இழுத்தேன். நைட்டி கொடிக்கயிற்றோடு சேர்ந்து எங்கள் மாடிக்கு வந்தது. கீழே ஈசிசேரில் இருந்த மாமனார் அத்தையிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"நைட்டிக்கு முள் ஜாஸ்தி, பார்த்துச் சாப்பிடச் சொல்லு."

அத்தை படியேறி வந்து அதை அப்படியே சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மொபெட்டுக்குப் பின்னாலேயே என் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு போய் ஏரிக்கரையில் நிறுத்தினேன். மாமனார் என்னைப் பார்த்தார், என் ராடைப் பார்த்தார், சுப்பன்னாவைப் பார்த்தார்.

"வெயில் ஏறும், தொப்பி கொண்டு வந்தாளான்னு கேளு."

சுப்பன்னா என்னிடம் திரும்பி, "தொப்பி இட்னு வந்தியாம்மா?" என்றார்.

ஆக, அத்தை வேலையை இங்கே பார்க்க ஒரு ஆள் ஏற்கெனவே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ராடை வேகமாக வீசினேன். தவளை முன்னால் போகாமல் பின்னால் பறந்து வேலிக்காத்தான் முள்ளில் தொங்கியது.

மாமனார் தண்ணீரில் கிடந்த தூண்டில் மிதப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தவளைக்கு நீச்சல் தெரியும், பறக்கத் தெரியாதுன்னு சொல்லு" என்றார்.

"தவளைக்கு..." என்று ஆரம்பித்தார் சுப்பன்னா.

"காதுல வுழுந்துச்சு" என்றேன்.

முள்ளிலிருந்து பிடுங்கி மறுபடி வீசினேன். இந்தத் தடவை அது மாமனாரின் கைவலையில் போய் மாட்டிக்கொண்டது. கைவலை என்பது தூண்டிலில் சிக்கின பெரிய மீனைத் தண்ணீரிலிருந்து அள்ளி எடுக்கிற வலை. ஒரு வளையம், அதில் வலை, நீளக் கைப்பிடி. பழைய பிளாஸ்டிக் பைப்பை வைத்து அவரே செய்தது. தவளையின் இரண்டு முள்ளும் வலைக்கண்ணில் குத்தி நின்றன. பிரிக்கப் பிரிக்க இன்னும் சிக்கியது. பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, தவளையை வலையிலேயே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் கரையில் உட்கார்ந்துவிட்டேன். மீன் பிடிப்பு எனக்கு முடிந்துவிட்டது.

வெயில் ஏறியது. சுப்பன்னா டீ வாங்கி வருகிறேன் என்று மாமனாரின் மொபெட்டில் கிளம்பிப் போனார். நானும் மாமனாரும் மட்டும். அவர் மதகுப் படியில் இறங்கி முழங்கால் தண்ணீரில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மேலே. நடுவில் யாருமில்லை. இப்போது பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை. நானா முதலில் பேச வேண்டும்? நான் ஏன் பேச வேண்டும்? கொக்கு ஒன்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இந்த இடம் சரிப்படாது என்று எழுந்து போய்விட்டது.

அப்போதுதான் மிதப்பு சடாரென்று உள்ளே போனது.

அவருடைய மூங்கில் தூண்டில் வில்லாக வளைந்தது. மாமனார் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் ஓடியது. அவர் கரைப் பக்கம் திரும்பி, "சுப்பன்னா, ஒரேய் சுப்பன்னா" என்று கத்தினார். சுப்பன்னா டீக்கடையில். மாமனார் கண் கரை முழுக்க ஓடி, கடைசியில் வேறு வழியில்லாமல் என் மேல் வந்து நின்றது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கத்தினார்.

"அம்மாயி, பம்பூ... பம்பூ..."

தெலுங்கில் அம்மாயி என்றால் பொண்ணு, பம்பு என்றால் அனுப்பு. வலையை இங்கே அனுப்பு என்கிறார். அந்த வார்த்தையை நான் கடையில் நாள் முழுக்கக் கேட்கிறேன். பில் பம்பு, பார்சல் பம்பு, ஆள் பம்பு. ஒரு நாளும் தடுமாறியதில்லை. ஆனால் அந்த நொடியில் என் மூளை போட்ட கணக்கே வேறு. இந்த மனுஷன் காய்ச்சலுக்குப் பேசவில்லை, தீபாவளிக்குப் பேசவில்லை, நான் மாடிப்படியில் உருண்டபோதுகூட, "அடிபட்டுச்சா கேளு" என்றுதான் சொன்னார். அவர் வாயைத் திறந்து என்னை நேராகக் கூப்பிடுகிறார் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். உயிர் போகிற காரணம்.

பாம்பு.

நான் பயந்து ஓடவில்லை. இதை மட்டும் யாராவது எனக்காக எழுதி வைக்க வேண்டும். கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு படியில் பாய்ந்தேன். கையில் கிடைத்தது கைவலை. (அவர் கேட்டதும் அதைத்தான். அதையும் எழுதி வைக்கவும்.) அவர் காலடியில் தண்ணீர் கலங்கி, அதிலிருந்து கறுப்பாக, தட்டையாக, செதில் செதிலாக ஒரு தலை எழுந்தது. விராலின் தலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படியே பாம்புத் தலை. பைப்பை ஓங்கி ஒரே போடு.

நூல் அறுந்தது. இரண்டாவது போடு மாமனாரின் காலில் விழுந்தது. மூன்றாவதாக வலையைச் சுழற்றியதில் அவர் லுங்கியோடு மல்லாந்து தண்ணீருக்குள் போனார். கறுப்புத் தலை எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அல்லிக் கொடிக்குள் மறைந்தது.

அவர் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டேன். தண்ணீரைக் குடித்து இருமிக்கொண்டே, "பம்பு... பம்பு..." என்றார்.

"தெரியும் மாமா. பாம்புதான். பேசாதீங்க. பேசினா விஷம் ஏறும்."

இரண்டு வருஷமாக என்னோடு பேசாத மனுஷன் பேச ஆரம்பித்ததும் நான் அவருக்குச் சொன்ன முதல் வார்த்தை, பேசாதீங்க.

காலைப் பார்த்தேன். கெண்டைக்காலில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொட்டு. இரண்டிலும் ரத்தம். துப்பட்டாவை உருவி முழங்காலுக்குக் கீழே முறுக்கிக் கட்டினேன். அவர் என்னமோ சொல்ல வந்து, எழுந்து உட்கார்ந்து, தன் காலைப் பார்த்தார். அந்த இரண்டு பொட்டையும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்தது. அவரும் நம்பிவிட்டார். தண்ணீரில் விழுந்து கிடந்தபோது நிஜமாகவே ஏதோ கடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கொரமீனைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை வரவில்லை.

சுப்பன்னா டீயோடு வந்தார், காலைப் பார்த்தார், டீயைக் கீழே விட்டார். மாமனாரை என் ஸ்கூட்டியில் நடுவில் உட்கார வைத்து, சுப்பன்னா பின்னால் ஏறி அவரைக் கட்டிக்கொள்ள, நான் ஓட்டினேன். அந்த ரோட்டில் அந்த வேகத்தில் அந்த வண்டி அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.

கொஞ்ச தூரம் போனதும் மாமனார் சுப்பன்னாவிடம், "காலு மரத்துப் போச்சுடா. ஏறிடுச்சு போல. அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லு" என்றார்.

"அவ காது உன் வாய்கிட்டதான்டா இருக்கு. சாகிற நேரத்துலயும் நான்தான் சொல்லணுமா? நீயே சொல்லு" என்றார் சுப்பன்னா.

மாமனார் முன்னால் சாய்ந்தார். பிறகு என் காதருகே மெதுவாக ஒரு குரல்.

"அம்மா கஸ்தூரி."

அவருக்கு என் பெயர் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"பேசாதீங்க மாமா."

"உங்க ரூம்ல ஃபேன் ஸ்விட்ச் ஷாக் அடிக்குது. ஈரக்கையோட தொடாதே. இந்த வாரம் மாத்தணும்னு இருந்தேன்."

"விஷம் ஏறும் மாமா, சும்மா இருங்க."

"உங்க அத்தை சர்க்கரை மாத்திரையை முழுங்குற மாதிரி முழுங்கிட்டுத் துளசி மாடத்துல போட்டுடுவா. பார்த்துக்கோ."

"ரைட், ரைட், ஸ்பீட் பிரேக்கர்" என்றார் சுப்பன்னா.

வண்டி எகிறி விழுந்தது. மாமனார் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல கொஞ்ச நாள் கோபம்தாம்மா. மாலையைப் போட்டுக்கிட்டு வந்து நின்னீங்களே. அப்புறம் அது போயிடுச்சு. ஆனா எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. திடீர்னு பேசினா நீ ஏதாவது வெடுக்குன்னு சொல்லிடுவியோன்னு..."

"வாயை மூடுங்க மாமா" என்று நான் வெடுக்கென்று சொன்னேன்.

கண்ணில் தூசி விழுந்தது என்று எழுதலாம். தூசி இல்லை, அழுதேன். அழுதுகொண்டே குறுக்கே வந்த ஒரு மணல் லாரிக்காரனைத் தமிழிலும் தெலுங்கிலும் திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. காலைப் பார்த்ததும் முதல் கேள்வி, "இப்படி யார் கட்டினது?"

"நான்தான் மேடம்."

"கால் நீலமா போயிருக்கு."

"விஷம் மேடம்."

"விஷம் இல்லை, உங்க துப்பட்டா" என்று சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார். "பாம்புக்கடிக்கு இப்படிக் கட்டவே கூடாது. இன்னா பாம்பு? பார்த்தீங்களா?"

"தலை பார்த்தேன் மேடம். கறுப்பு. இவரும் பார்த்தாரு. பார்த்துட்டுத்தானே பாம்பு பாம்புன்னு கத்தினாரு."

படுத்திருந்த மாமனார் தலையைத் தூக்கினார்.

"நான் எப்போ பாம்புன்னு சொன்னேன்?"

"நீங்கதானே மாமா, பாம்பூ பாம்பூன்னு..."

"பம்புன்னேன்" என்றார். "வலையைப் பம்பு. கொரமீனு மாட்டியிருந்தது."

பம்புக்கும் பாம்புக்கும் எழுத்தில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அந்த ஒரு கால் போட்ட போட்டில் இந்தக் கால் படுத்திருந்தது.

"அப்போ கடிச்சது எது?" என்றார் சுப்பன்னா.

நர்சம்மா ஈர லுங்கியை ஒதுக்கினார். லுங்கியின் ஓரத்தில் இரண்டு முள்ளும் குத்தியபடி, பச்சையாக, கண்ணைப் பிதுக்கிக்கொண்டு, வலையிலிருந்து பிய்ந்து வந்த என் ரப்பர் தவளை தொங்கியது. டாக்டரம்மா அதைக் கத்தரியால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தவளைக்கடிக்கு டி.டி. ஊசி போதும்" என்றார்.

முதலில் சிரித்தது சுப்பன்னா. பிறகு நர்சம்மா. பிறகு பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த ஒரு நோயாளி, ஊசி ஆடும்படி. நான் சிரிக்கவில்லை. எனக்கு மாமனாரின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. சாகப்போகிறோம் என்று நினைத்து மனுஷன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இப்போது சாகவில்லை. மறுபடி வாயைப் பூட்டிக்கொண்டால்? முன்பாவது தயக்கம் மட்டும்தான். இனி அதோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும். மீன் என்னால்தான் போனது என்பதும் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை பூட்டினால் திறக்காது.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து ஸ்கூட்டி பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"சுப்பன்னா, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு..."

மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

"பஸ்ஸு டெப்போவுக்குப் போயாச்சு" என்றார் சுப்பன்னா. "நான் டூட்டியில இல்ல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேவிட்டார்.

மாமனார் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆஸ்பத்திரி போர்டைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாமல் போனதும் என்னைப் பார்த்தார்.

"வாடு எவ்வளவு பெரிசு தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தார்.

ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. இரண்டு வருஷத்துப் பாக்கி அத்தனையும் வந்தது. மீனின் நீளம், அதன் மூளை, என் மூளை, ரப்பர் தவளை, நைட்டி, ராத்திரி நான் கேட்டைச் சாத்துகிற சத்தம், ரசத்தில் நான் போடுகிற புளி என்று ஸ்கூட்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்கத் திட்டினார். நான் மட்டும் சும்மா இருப்பேனா?

"வலைன்னு ஒரு வார்த்தை முன்னாடி சேர்த்துச் சொன்னா இன்னா மாமா, நாக்கு தேஞ்சிடுமா?"

"மாட்டியிருக்கிறது மீனு, பக்கத்துல இருக்கிறது வலை, நான் வேற எதை அனுப்பச் சொல்லுவேன்? கேட்டைப் புடுங்கி அனுப்பச் சொல்லுவேனா?"

"ரெண்டு வருஷம் ஒழுங்கா பேசியிருந்தா உங்க குரல் பழகியிருக்கும். ஒரே அடியா கத்தினா யாருக்கு இன்னா புரியும்?"

எங்கள் தெருவில் திரும்பும்போது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. சத்தம் கேட்டு அத்தை கரண்டியோடு கேட்டுக்கு வந்தார். எங்களுக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள், அவர்களோடுதான் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார். யாருமில்லை.

"யார்கிட்ட கத்துறீங்க?" என்று மாமனாரைக் கேட்டார்.

"இதோ, இவகிட்டதான்."

"நீ யார்கிட்டம்மா?"

"இவர்கிட்டதான் அத்தை."

அத்தை எங்களை மாறி மாறிப் பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார். "அப்போ எனக்கு இனிமே லீவு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேசரி கிண்ட ஆரம்பித்தார். சாயங்காலம் முரளி வந்தபோது நானும் மாமனாரும் விரால் குழம்புக்குத் தக்காளி போடலாமா கூடாதா என்று கத்திக்கொண்டிருந்தோம். விரால் கிடையாது. குழம்பும் கிடையாது. முரளி ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சுப்பன்னா சும்மா இருப்பாரா? மறுநாளே கதை நகரி வரைக்கும் போய்விட்டது. எங்கள் நைனா போன் போட்டார்.

"இன்னாம்மா, மாமனார் கால் மேலயே போட்டுட்டியாமே?"

"தெரியாம பட்டுடுச்சு நைனா."

"அடிச்சதுதான் அடிச்சே, அந்த மீனையாவது இட்னு வந்து துன்னியா?"

அந்த மீன் இன்னும் ஏரியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போகிறேன். ராடை விற்றுவிட்டேன், வலையைப் பிடிப்பது மட்டும்தான் என் வேலை. மாமனார் அதற்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறார். மீன் மாட்டினால் அவர் தெலுங்கில் வாயைத் திறக்க மாட்டார். "வலை கொடும்மா" என்று சுத்தமான தமிழில் சொல்வார். ஏரிக்கரையில் அவர் பேசுகிற தமிழ் அது ஒன்றுதான். எத்தனை அவசரமானாலும் அந்த 'ம்மா' மட்டும் விட்டுப்போவதில்லை.

ஆனால் வீட்டுக்குள் அந்த வார்த்தையை யாரால் ஒழிக்க முடியும்? திருத்தணியிலிருந்து அத்தையின் தங்கச்சி போன் செய்து, சொந்தக்காரக் குழந்தையின் காதுகுத்து போட்டோ கேட்பார். அத்தை வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டிருப்பார். "அக்கா, போட்டோ பம்பு" என்று அந்தப் பக்கம் குரல் வந்ததும், கூடத்தில் உட்கார்ந்திருக்கிற நாங்கள் எல்லோரும் சட்டென்று காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்வோம். முதலில் தூக்குகிறவர் மாமனார்தான்.